கணுக்காலுக்கு மேலே நான்கு விரல்

நம் வயதுப் பெண்களில், பள்ளிக்கூட நாட்களில் மாதம் தவறாமல் தலைவலி வந்தவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். ஆம்பூரில் நான் படித்த பெண்கள் பள்ளியில், வலிக்கிற இடம் எதுவானாலும் விடுப்புக் கடிதத்தில் தலைவலி என்றுதான் எழுதுவோம். யாரும் சட்டம் போடவில்லை. எங்களுக்கு முன்னால் படித்த அக்காமார்கள் அப்படி எழுதினார்கள், நாங்களும் எழுதினோம். வயிறு என்று எழுதினால் மேற்கொண்டு கேள்வி வரும். தலை என்று எழுதினால் வராது.

இதனால் ஒரு கூத்து நடந்தது. நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் தலைமையாசிரியை அத்தனை கடிதங்களையும் அடுக்கி வைத்துப் பார்த்துவிட்டு, பெண்களுக்குப் பார்வைக் கோளாறு என்று முடிவு கட்டினார். வேலூரிலிருந்து கண் பார்க்கிறவர்கள் வந்தார்கள். பிரேயர் ஹாலில் எழுத்து அட்டையை மாட்டி, ஒவ்வொருத்தியாக ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தோம். இரண்டு பேருக்குக் கண்ணாடி கிடைத்தது. அவர்களில் ஒருத்தி இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உன் தலைவலி எங்கே இருந்தது என்று உனக்கும் எனக்கும் தெரியுமடி.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்றவர். அவருக்கா அந்தத் தலைவலியின் பூர்வீகம் தெரியாது? தெரிந்ததை ஒப்புக்கொள்வதைவிட ஆளுக்கொரு கண்ணாடி வாங்கிக் கொடுப்பது சுலபமாக இருந்திருக்கும். இப்போது அவர் வயதைத் தாண்டி நிற்கும்போது அப்படித்தான் தோன்றுகிறது.

என் பெஞ்சில் இடப்பக்கம் உட்கார்ந்தவளைத் தோழி என்றே சொல்லிக்கொள்கிறேன், பெயர் வேண்டாம். எங்கள் வகுப்பிலேயே அதிகம் 'தலைவலி' கண்டவள் அவள்தான். மற்றவர்களுக்கு ஒரு நாள் முனகலோடு போய்விடும். அவளுக்கு மூன்று நாள். கால்களை மடக்கி, வயிற்றில் புத்தகப்பையை அணைத்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். நம் ஊரில் தோல் ஊறுகிற வாடை நமக்குத் தெரியாது, வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தும்போதுதான் ஞாபகம் வரும். அந்த மூன்று நாள் மட்டும் அவளுக்கு அது தெரிந்தது. காற்று தோல் பதனிடும் டேனரிப் பக்கமிருந்து திரும்பினால் எழுந்து ஓடி வாந்தி எடுப்பாள். கடையில் வாங்கிய ஏதோ ஒரு சிவப்பு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வருவாள், அதையும் சேர்த்தே எடுப்பாள்.

அவளுடைய அப்பா ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறவர். காலாண்டுப் பரீட்சையில் அவள் இரண்டு பேப்பர் எழுதவில்லை. அப்போது அவர் வீட்டில் சொன்னதை அவள் என்னிடம் அப்படியே ஒப்பித்தாள்.

"இன்னோரு பரீட்சை உட்டன்னா இஸ்கூலு வேணாம்மா. ஷூ கம்பெனில ஆள் எடுக்கறாங்க, போய் உக்காந்துக்கோ."

கோபமாகச் சொன்னாரா என்று கேட்டேன். "இல்லடி, பாவமா சொன்னாரு," என்றாள். "உனுக்கும் பேஜாரு, எனுக்கும் பேஜாருன்னாரு." அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். பத்தாவது முடித்து நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அடுத்து வருவது அரையாண்டு, டிசம்பரில். அவள் படிப்பு அந்த ஒரு பரீட்சையில் தொங்கிக்கொண்டிருந்தது.

காலாண்டு விடுமுறை முடிந்து திறந்தபோது புதுத் தையல் டீச்சர் வந்திருந்தார். தற்காலிக வேலை. காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் வருவார். முப்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. அவர் பையில் இஞ்ச் டேப், விரலில் மாட்டும் அங்குஸ்தான், துணியில் கோடு போடுகிற நீலச் சாக்கட்டி ஒன்று. அந்தச் சாக்கட்டி சோப்புத் துண்டு மாதிரி தட்டையாக, ஓரம் தேய்ந்து இருக்கும். மழைக்காலத்தில் அவர் புடவைக் கரை எப்போதும் ஈரம்.

முதல் வாரத்திலேயே ஒரு நாள் தையல் வகுப்பில் தோழி டெஸ்கில் தலை கவிழ்ந்துவிட்டாள்.

"அவளுக்கு இன்னாம்மா?" என்றார் டீச்சர்.

"தலைவலி டீச்சர்," என்றேன் நான்.

"தலைவலிக்கு ஏன் வயித்தப் புடிச்சிக்கிறா?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, பெஞ்சுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, "காலைக் குடும்மா," என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு டீச்சர் ஒரு மாணவியின் காலைத் தொடுவதா? அதுவும் சுண்ணாம்புக் குழிக்காரர் மகள் காலை? தோழி பாதத்தைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் டீச்சர்."

"வலி வயித்துல இருந்தாலும் புடிக்க வேண்டிய எடம் கால்லதான் இருக்கு. குடு."

பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உள்பக்கக் கணுக்கால் முட்டிக்கு மேலே தோழியின் நான்கு விரல்களையே சேர்த்துப் படுக்க வைத்தார். "உன் வெரல்தான் கணக்கு, என் வெரல் இல்ல. நாலு வெரலுக்கு மேல, எலும்புக்குப் பின்னால, சதையில. அங்க அமுக்கினா சுருக்குன்னு இருக்கும், அதுதான் எடம்." அந்த இடத்தில் நீலச் சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தார். கட்டை விரலை ஊன்றி அழுத்தி, "மெதுவா மூச்ச உடு," என்றார். இரண்டு மூன்று நிமிடம். பிறகு அடுத்த கால். அப்புறம் கையில், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேருகிற சதையில்.

நாங்கள் நாற்பது பேரும் ஊசியைத் துணியில் குத்தியபடியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் தோழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது.

"பாதி போய்டுச்சு டீச்சர்."

"மீதிக்கு வீட்ல சுடுதண்ணி ஒத்தடம் குடு. எல்லாருக்கும் இது கேக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஒனக்கு மாசா மாசம் இப்படி வாந்தி வருதுன்னா ஆஸ்பத்திரில காட்டணும், வெக்கப்படக் கூடாது. அதுவரைக்கும் இது கையில இருக்கட்டும்."

சென்னையில் ஏதோ முகாமில் கற்றுக்கொண்டாராம். தனக்கும் பள்ளி நாட்களில் அப்படி வலித்ததாகச் சொன்னார். தனக்கு வலித்ததாக ஒரு டீச்சர் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

அந்த மழைக்காலம் எங்களுக்கு ஒரு புது விளையாட்டு கிடைத்த காலம். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தையல் அறையில் கூடுவோம். ஒருத்தி காலை இன்னொருத்தி பிடிப்பாள். பாவாடைக்குள்ளே கணுக்காலுக்கு மேல் நீலப் புள்ளி வைத்துக்கொண்டு எத்தனை பேர் நடந்தோம் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிலருக்குக் கேட்டது, சிலருக்குச் சுமாராகக் கேட்டது, ஒருத்திக்குக் கிச்சுகிச்சுதான் வந்தது. ஆனால் தலைவலிக் கடிதங்கள் குறைந்துபோயின. தலைமையாசிரியை பிரேயரில், கண்ணாடி நல்ல பலன் தந்திருப்பதாக அறிவித்தார். டீச்சர் வரிசையின் கடைசியில் நின்று தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன்.

தோழி அக்டோபரிலும் நவம்பரிலும் மாதத் தேர்வு ஒன்றையும் விடவில்லை. வலி வராமல் இல்லை. வரும், காலைப் பிடித்துவிடுவேன், எழுதப் போவாள். அவளுடைய கணுக்காலில் அந்த இடம் என் கட்டை விரலுக்குப் பழகிவிட்டது. பார்க்காமலே போய்ச் சேரும். நவம்பரில் கணக்கில் வகுப்பில் முதல். "எங்கப்பா பேப்பர தலகீழா புடிச்சி பாத்துட்டு, தொண்ணூறுன்னா ஜாஸ்தியாம்மான்னாரு," என்றாள்.

இனி என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா இன்னொரு டேனரியில் சூப்பர்வைசர், எங்கள் பள்ளியை நடத்திய சர்ச் கமிட்டியில் உறுப்பினர். நம் பக்கத்து டேனரிகளில், முதலாளிகள் தொழுகைக்குப் போகிற வெள்ளிக்கிழமைதான் வாராந்தர விடுமுறை என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குப் பள்ளி விடுமுறை ஞாயிறு. ஆக வெள்ளிக்கிழமைகளில் அப்பா வீட்டில் பொழுது போகாமல் உட்கார்ந்திருப்பார். அப்போது என் அண்ணி மாசமாக இருந்தார், ஐந்தாவது மாதம். இடுப்பு வலி என்று அவ்வப்போது சுவரைப் பிடித்து நிற்பார்.

எனக்கு அண்ணி மேல் உயிர். ஒரு நாள் தையல் வகுப்பில் எழுந்து, "டீச்சர், எங்க அண்ணிக்கு இடுப்பு வலி, மாசமா இருக்காங்க. நான் அமுக்கி விடட்டுமா?" என்று கேட்டேன்.

டீச்சர் சட்டென்று, "வேணாம்," என்றார். "மாசமா இருக்கறவங்களுக்கு இந்த எடத்த அமுக்கக் கூடாதும்மா. கர்ப்பப்பை இறுகும்னு சொல்லுவாங்க, கலஞ்சிடவும் கூடும். நோட்ல எழுதி வச்சிக்க, மறந்துடாத."

எழுதினேன். தையல் நோட்டில் கால் படம் போட்டு, புள்ளி வைத்து, கீழே: மாசமாக இருப்பவர்களுக்கு இங்கே அமுக்கக் கூடாது, கர்ப்பம் கலையக்கூடும். சிவப்பு மையால் அடிக்கோடு போட்டேன். அன்று சாயங்காலமே அண்ணியிடமும் சொன்னேன். "உங்க டீச்சர் நல்ல மாதிரி," என்றார் அண்ணி.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா சர்ச் கமிட்டிக்கு ஏதோ எழுத வெள்ளைத் தாள் தேடியிருக்கிறார். என் நோட்டுகளின் கடைசிப் பக்கத்தைக் கிழிப்பது அவர் வழக்கம். வெள்ளிக்கிழமை தையல் வகுப்பு கிடையாது, அதனால் அந்த நோட்டு வீட்டிலேயே இருந்தது.

நான் பள்ளியிலிருந்து வந்தபோது அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நோட்டை அம்மாவிடம் காட்டி, "வயசுக்கு வந்த புள்ளைங்களுக்கு இது எதுக்கு?" என்றார். "கல்யாணம் ஆவாத டீச்சருக்கு, கலைக்கற எடம் எதுன்னு எப்டி தெரியும்?"

"அதான," என்றார் அம்மா.

நான் கதவோரம் நின்றிருந்தேன். அண்ணி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தார். வந்து ஒரு வருடம்கூட ஆகாத மருமகள், மாமனார் பேச்சில் எப்படிக் குறுக்கே வருவார்? நான் அந்த வீட்டுப் பெண். நானும் வரவில்லை. அப்பா கோபமாக இருக்கும்போது பேசினால் பேச்சு என் பக்கம் திரும்பும் என்ற பயம், அவ்வளவுதான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆண்கள் வாசலில் நின்று பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? திங்கட்கிழமை காலைக்குள், தையல் டீச்சர் பெண் பிள்ளைகளுக்குக் கலைக்கக் கற்றுக் கொடுக்கிறார் என்று ஆகிவிட்டது.

திங்கட்கிழமை இரண்டாவது பீரியடில் என்னை அழைத்தார்கள். தலைமையாசிரியையின் அறை. மேசை மேல் என் நோட்டு திறந்திருந்தது. கமிட்டியிலிருந்து இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. டீச்சர் ஜன்னலோரம் நின்றிருந்தார். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"இது உன் கையெழுத்துதானா?"

"ஆமா மிஸ்."

"இதை டீச்சர் சொல்லித்தான் எழுதினாயா? ஆமா, இல்லை, அவ்வளவு சொன்னால் போதும்."

போதும் என்று அவர் சொன்னது எனக்கு எவ்வளவு வசதியாகிவிட்டது பாருங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எனக்கு அவ்வளவு சோறுகூடத் தேவைப்படவில்லை. "ஆமா மிஸ்," என்றேன்.

நான்தான் கேட்டேன், என் அண்ணிக்காகக் கேட்டேன், செய்யாதே என்று தடுக்கத்தான் டீச்சர் அதைச் சொன்னார்: இந்த மூன்றும் என் தொண்டையில் இருந்தன. அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி மாசமாக இருப்பதை வகுப்பில் நாற்பது பேர் முன்னால் சொன்னதற்கே வீட்டில் தோலை உரிப்பார் என்று நினைத்தேன்.

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று டீச்சரைக் கேட்டார் தலைமையாசிரியை.

டீச்சர் என்னைப் பார்த்தார். என் அப்பாவையும் பார்த்தார். "அவ எழுதினது சரிதான் மேடம். நான் சொன்னதுதான்," என்றார். இந்தப் பெண் கேட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி எனக்கு வந்திருக்கும். அதைத் தன் மேலேயே நிறுத்திக்கொண்டார் என்பது எனக்குப் புரிய ரொம்ப வருடம் ஆனது. அன்று எனக்கு, தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. தையல் அறையைப் பூட்டிவிட்டார்கள். யாராவது காலைப் பிடிப்பதைப் பார்த்தால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவோம் என்று பிரேயரில் சொன்னார்கள். நாங்கள் குளிக்கும்போது நீலப் புள்ளியைத் தேய்த்துத் தேய்த்து அழித்தோம். விடுப்புக் கடிதங்களில் தலைவலி திரும்பி வந்தது.

அரையாண்டு தொடங்கியது. கணக்குப் பரீட்சை அன்று தோழியின் நாள். அவளுக்கு முன்பே தெரியும், விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். காலையில் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் என்னைத் தேடி வந்து, "ஒரு ரெண்டு நிமிசம்டி, இங்க யாரும் இல்ல," என்றாள். நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லைதான். "மாட்டிக்கினா டி.சி.டி," என்றேன்.

"சரி, உடு," என்றாள்.

ஹாலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதல் அரை மணி எழுதினாள். பிறகு இடது கையால் வலது கையின் அந்தச் சதையைப் பிடித்தாள். எழுதுகிற கையைப் பிடித்துக்கொண்டு எப்படி எழுதுவது? விட்டுவிட்டுக் கணுக்காலுக்குக் குனிந்தாள்.

"ஏய், நிமிந்து உக்காரு," என்றார் மேற்பார்வைக்கு வந்த டீச்சர். "கீழ இன்னா இருக்கு? பிட்டா?"

நிமிர்ந்தாள். இன்னொரு தடவை குனிந்தாள். இன்னொரு தடவை அதட்டல். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். அவள் விடைத்தாள் காற்றில் பறந்து என் டெஸ்குக் கால் அருகே வந்து விழுந்தது. மூன்று கணக்கு போட்டிருந்தாள், மூன்றும் சரி.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து என் இடப்பக்கம் காலியாக இருந்தது. ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். அண்ணிக்கு மார்ச்சில் ஆண் குழந்தை பிறந்தது.

இரண்டு வருடம் கழித்துக் காட்பாடி ஸ்டேஷனில் தையல் டீச்சரைப் பார்த்தேன். நான் பார்க்காதது போல் திரும்பிக்கொண்டேன், அவர்தான் வந்து தோளைத் தொட்டார். எங்கே வேலை செய்கிறார் என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. "அண்ணிக்கு இன்னா கொழந்தம்மா?" என்று கேட்டார். பையன் என்றேன். "நல்லா இருக்கானா?" நல்லா இருக்கான் டீச்சர். சென்னை வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு பிளாட்பாரம் முழுக்க நேரம் இருந்தது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், போன மாதம் ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்த நரைத்த தலைக்காரி என்னையே பார்த்தாள். "என்னத் தெரில?" என்றாள். தெரிந்தது. அதே தோழிதான். முப்பது வருடத்துக்கு மேல் ஷூ கம்பெனியில் இருந்து, லைன் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றிருக்கிறாள். வலியின் காரணத்தை இருபத்தைந்து வயதில் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து, ஆபரேஷன் செய்தார்களாம்.

"சீக்கிரமே வந்துருந்தா இவ்ளோ கஷ்டம் இல்லன்னாங்க. டீச்சர் அப்பவே சொன்னாங்க, காட்டுன்னு," என்றாள். "கம்பெனில பொண்ணுங்க வயித்த வலின்னா ஒரு மாத்திரய குடுத்து மிஷினாண்ட உக்கார வச்சிடுவாங்க. நான் சூப்பர்வைசர் ஆனதுக்கு அப்பறம், சாப்பாட்டு நேரத்துல கால நீட்டுன்னு சொல்லுவேன். கம்மியாச்சின்னா சரி, கம்மி ஆவலன்னா நானே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவேன்."

நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை அந்தச் சாம்பார் வாளிச் சத்தத்துக்கு நடுவே அவளிடம் சொன்னேன். அந்த அறையில் ஆமா என்று மட்டும் சொன்னேன், நான் கேட்டுத்தான் டீச்சர் சொன்னார் என்பதைச் சொல்லவில்லை, உன் படிப்பு போனது என்னால்தான் என்றேன்.

அவள் ரசத்துக்குக் குழி செய்துகொண்டே, "தெரியும்," என்றாள். "நான் வராண்டாலதான் நின்னுனு இருந்தேன்."

"எப்போ?"

"நீ உள்ள இருக்கும்போதுதான். என்னயும் கூப்பிட்டு கேளுங்க மிஸ்னு சொல்லிட்டு வந்து நின்னேன். நீ ஆமான்னதும் போதும்னுட்டாங்க. கிளாஸுக்குப் போம்மான்னு அனுப்பிட்டாங்க."

பரிமாறுகிறவர் வந்து அவளுக்கு ரசம் ஊற்றிவிட்டு என் இலையைப் பார்த்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

"உள்ள உட்டிருந்தா இன்னா சொல்லிருப்ப?" என்று கேட்டேன்.

"இன்னா சொல்றது," என்றாள். "வலிச்சிது, டீச்சர் கால புடிச்சாங்க, நின்னுச்சின்னு சொல்லிருப்பேன்."